தோட்டா இல்லாமல் வந்த துப்பாக்கி!

துப்பாக்கி தயார். ஆனால், அதில் போடத் தோட்டா இல்லை! இப்படியும் நடக்குமா? நடந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாசடீனா என்று ஒரு நகரம். அங்கே ஹாரி சான்போர்டு என்பவர் 1971-ம் ஆண்டில் புதிய கைத்துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் பெயர் "ஆட்டோ மேக்". துருப் பிடிக்காத எஃகில் செய்தது. கைத்துப்பாக்கிகளில் அது ஒரு ராட்சதன்!

அதற்கு வேண்டிய தோட்டாவும் புது அளவு. கடைகளில் கிடைக்கவில்லை. பணம் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவர்கள் திகைத்தார்கள். பிறகு, ரைபிள் தோட்டாவின் காலிக் கூட்டைத் தேடிப் போனார்கள்.

மிஞ்சுவது கூடுதான்

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும். குண்டு பறந்துவிடும். கூடு மிஞ்சும்.

பித்தளைக்கு ஒரு நல்ல குணம். மருந்து எரியும்போது அது விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். எரிந்த வாயு பின்பக்கம் வராது. அடுத்த கணமே சற்றுச் சுருங்கும். அதனால்தான் கூடு சுலபமாக வெளியே வருகிறது. அதைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தால் மறுபடியும் நிரப்பலாம்.

அமெரிக்க ராணுவம் 1906 முதல் பயன்படுத்திய ரைபிள் தோட்டா ஒன்று உண்டு. அதன் அடிப்பாகமும் ஆட்டோ மேக் தோட்டாவின் அடிப்பாகமும் ஒரே அளவு! ரைபிள் கூட்டின் நீளம் இரண்டரை அங்குலம். அதை 1.3 அங்குலத்துக்கு அறுத்தார்கள்.

அறுத்தால் போதுமா?

போதாது. இங்கேதான் ஆபத்து! ரைபிள் கூட்டின் சுவர், அடியை நெருங்க நெருங்கத் தடித்துக்கொண்டே போகும். பாதியில் அறுத்தால் வாய்ப்பக்கம் தடிமனாக இருக்கும். குண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். குழலுக்குள் அழுத்தம் எல்லை மீறும். துப்பாக்கி சுடுபவர் கையிலேயே வெடிக்கலாம். ஆகவே, கூட்டின் உட்புறத்தைக் கடைந்து மெல்லியதாக்க வேண்டும். ஒரு தோட்டாவுக்கே இத்தனை பாடு!

பிறகு மெக்சிகோ நாட்டில் ஒரு கம்பெனி இந்தத் தோட்டாவைச் செய்து விற்றது. ஆனால், காலம் கடந்துவிட்டது. துப்பாக்கியின் விலை, செய்யும் செலவைவிடக் குறைவு! விற்க விற்க நஷ்டம். 1972-ம் ஆண்டிலேயே பாசடீனா கம்பெனி திவாலாகிவிட்டது. வேறு சிலர் எடுத்து நடத்தினார்கள். அதுவும் நீடிக்கவில்லை.

1983-ம் ஆண்டில் "சடன் இம்பாக்ட்" என்ற படம் வந்தது. அதில் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஆட்டோ மேக் துப்பாக்கியோடு தோன்றினார். ரசிகர்கள் அதைப் பார்த்து வியந்தார்கள்.