நாலரை மடங்கா, ஆயிரத்துக்கு எத்தனை பேரா?

புகைப்பவர்கள் காசநோயில் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு என்று திருபுவனை டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். பீடியைக் கீழே போடாமலே ஒரு பெரியவர் கேட்பார்: "எதுல நாலரை மடங்கு தம்பி? ஒண்ணு நாலரை ஆச்சா, நூறு நானூத்தம்பது ஆச்சா?" சரியான கேள்வி.

அங்கிருந்து மேற்கே மதகடிப்பட்டைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். அங்கேயும் சென்னையிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள் வி. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலானோர். ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. சென்னைக் கணக்கில் கிடைத்ததுதான் அந்த 4.5. இப்படி இறந்தவரையும் இருப்பவரையும் தனித்தனியே திரட்டும் ஆய்வு மடங்கைத்தான் தரும். கூடுதலாக எத்தனை பேர் என்று சொல்ல, ஊரின் இறப்பு விகிதமும் வேண்டும்.

சரி, வருடக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர்ந்து அந்த விகிதமும் கிடைத்துவிட்டது என்று வைப்போம். இனி வருவது கற்பனைக் கணக்கு; இதில் இறப்புக்குப் பதில் நோயை எண்ணுகிறோம். புகைக்கும் 1,000 பேரில் 84 பேருக்கு நோய், புகைக்காத 1,000 பேரில் 20 பேருக்கு. வித்தியாசம் 64. அத்தனையும் பீடியின் வேலையா? புகைப்பவர்களில் 800 பேர் வயதானவர்கள். புகைக்காதவர்களில் 200 பேர்தான். வயதும் நோயைக் கூட்டும்.

அதனால் வயதுவாரியாகப் பிரிக்கிறோம். இளையவர்களில் புகைத்தால் நூற்றுக்கு 2, இல்லையேல் 1. வயதானவர்களில் 10, 6. மடங்கைப் பார்த்தால் இளையவர்களுக்கே பாதிப்பு அதிகம். ஆள் கணக்கிலோ வயதானவர்களுக்கு நான்கு மடங்கு கூடுதல். இரு வயதினரும் பாதிப்பாதி இருக்கும் ஓர் ஊருக்கு இதைப் பொருத்தினால் ஆயிரத்துக்கு 60, 35. வித்தியாசம் 25. இதுதான் சரிக்கட்டிய இடர் வித்தியாசம்.

படிப்பு, குடி, வருமானம் என்று சேர்த்துப் பிரிக்கப் பிரிக்க, சில பிரிவுகளில் ஆளே இருக்கமாட்டார்கள். (கணக்கு கசப்பவர்கள் இங்கே இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.) அப்போது, எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்து நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் கைகொடுக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை கணிக்கிறோம்: அவர் புகைத்தால் எவ்வளவு, புகைக்காவிட்டால் எவ்வளவு. வயதும் படிப்பும் மாறுவதில்லை. இரண்டு கணிப்புகளுக்கும் தனித்தனியே சராசரி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை. வித்தியாசத்தை நேரடியாகத் தரும் மாடல்களும் உண்டு. அவை சில நேரம் பூஜ்யத்துக்குக் கீழே இடர் காட்டும், சில நேரம் விடையே தராமல் நின்றுவிடும். எனக்கு முந்தையதே பிடித்திருக்கிறது.

கேட்காத விஷயத்தை எந்த முறையாலும் சரிக்கட்ட முடியாது. வீட்டில் காற்றோட்டம் எப்படி என்று விசாரிக்காமல் விட்டிருந்தால், அதன் பங்கும் பீடியின் கணக்கில் போய் விழலாம்.