ரப்பர் முனைக் கருவிகள்: தேர்வும் பராமரிப்பும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்தில், பொம்மைத் தொழிலாளர் சங்கமொன்றின் கொள்முதல் பேரேட்டைத் தணிக்கை செய்தபோது, ஓராண்டில் ஒரே இனம் நான்கு முறை பதிவாகியிருக்கக் கண்டேன். அது பச்சை மண் பொம்மையைச் செப்பனிடும் ரப்பர் முனைக் கருவி. தொகை சிறிதே, எனினும் காரணமறியாது கையொப்பமிட மனம் ஒப்பவில்லை. பட்டறைக்குள் சென்று நோக்கினால், கருவிகள் யாவும் மண்ணெண்ணெய் டப்பாவில் தலைகீழாக ஊறிக்கொண்டிருந்தன! ஒட்டிய மண் எளிதில் கழன்றுவிடுமாம்.

இக்கருவியின் அருமையை முதலில் கூறவேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் பல, பிளாஸ்டர் அச்சில் மண் கூழை வார்த்து எடுக்கப்படுபவை. அச்சின் பாதிகள் பொருந்துமிடத்தில் மெல்லிய கோடு எழும். அதைக் கத்தியால் சீவிவிட்டால் மட்டும் போதாது. மறைந்த கோடு சூளையில் வெந்தபின் மீண்டும் தலைகாட்டக்கூடும். பிள்ளையார் துதிக்கையில் கோடு விழுந்தால் சரக்கு இரண்டாந்தரமே. ஆகவே ஈரம் முற்றும் வற்றுமுன், ரப்பர் முனையால் அவ்விடத்தை அழுத்தி வழித்தல் வேண்டும்.

காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாமே என்பர் சிலர். அத்தூளில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் அதனைச் சுவாசிப்போருக்கு வரும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. பஞ்சுத் தூசியின் தொல்லையை அறிந்த நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஈர மண்ணிலேயே வேலையை முடித்தால் தூசியும் குறையும்.

கோட்டை வழிக்கத் தட்டை முனையும், கண், நகை வேலைக்குக் கூர்முனையும், ஆடை மடிப்புக்கு உருண்டை முனையும் ஏற்றவை. இளகிய மண்ணுக்கு மெத்தென்ற முனையும், சற்று இறுகிய மண்ணுக்குக் கெட்டி முனையும் வேண்டும். வாங்குமுன் நகத்தால் வளைத்து விடுக; உடனே நிமிர வேண்டும், வெடிப்புத் தோன்றலாகாது. பிடியோடு சேருமிடம் ஆடினால் அக்கருவி வேண்டாம். சிலிகோன் முனை வெயிலையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால் கத்திமுனை பட்டால் எளிதில் கிழியும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடலாகாது.

ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதி பெறும் என்பது சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்ட வழியின் சாரம். அவ்வுறுதியும் மண்ணெண்ணெய்முன் நில்லாது. ரப்பர் உப்பி, பலமிழக்கும். வெயிலும் அதற்குப் பகையே. செம்பும் ஆகாது, அது ரப்பரை விரைவில் கெடச் செய்யும். வேலை முடிந்ததும் தண்ணீரில் சோப்பிட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, முனை மேல்நோக்கி இருக்க நிறுத்தி வைத்தாற் போதும்.

சங்கங்கள் மொத்தமாக வாங்குமுன் மாதிரிகள் இரண்டை வரவழைத்து, நாள்தோறும் மண்ணில் கைவைக்கும் அங்கத்தினர் ஒருவரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பது நலம். மேற்படி சங்கத்தில் இதுகாறும் கருவிகளைத் தெரிவு செய்து வந்தவர் கணக்கெழுதும் எழுத்தர்.