உயர்கல்வியில் இணையவழிக் கற்றல் சமூகங்கள்

இணையவழிக் கற்றல் சமூகம் என்பது ஒரே பாடத்தை அல்லது பட்டப்படிப்பை வெவ்வேறு இடங்களிலிருந்து பயில்வோர், இணையத்தின் வாயிலாக ஐயம் கேட்டும் விடையளித்தும் ஒருவருக்கொருவர் துணைநின்றும் கற்கும் குழுவைக் குறிக்கும். விரிவுரைகளை இணையத்தில் ஏற்றுவதால் மட்டும் இத்தகைய சமூகம் உருவாகிவிடுவதில்லை. தனியாகப் படிப்பவர் மூன்றாம் வாரத்தில் ஓர் இடத்தில் தடுமாறும்போது, அதைக் கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதே அவர் படிப்பைத் தொடர்வதையும் கைவிடுவதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் வழங்கிய திறந்த இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வின்படி, 2017-18ஆம் ஆண்டில் பதிவு செய்தோருள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே பாடத்தை நிறைவு செய்தனர்.

வரலாறு

அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வித் திட்டம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1973இல் அதில் சேர்க்கப்பட்ட நோட்ஸ் என்னும் நிரல், பிழைகளைத் தெரிவிப்பதற்காக எழுதப்பட்டது. பயனர்களோ அதை உரையாடும் இடமாக்கிக் கொண்டனர். 2000ஆம் ஆண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் இணைய வகுப்புக்கு மூன்று கூறுகள் தேவை என்றனர். பாடத்தை ஆராய்ந்து அறிதல், பிறரை உண்மையான மனிதராக உணர்தல், ஆசிரியரின் வழிநடத்தல் ஆகியன அவை.

தமிழ்நாட்டில், 2001 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம்) புலம்பெயர்ந்த தமிழருக்கு இணையம் வழியே தமிழ் கற்பித்தது.

என்பிடெல் திட்டம்

ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. முதல் பத்தாண்டில் இது பெரிதும் ஒரு விரிவுரைக் களஞ்சியமாகவே இருந்தது. 2014இல் வாரந்தோறும் பாடம், ஒப்படை, இறுதி நாள், சான்றிதழ்த் தேர்வு என்னும் முறை வந்தபின் நிலைமை மாறியது. எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே கணக்கைப் போட முயலும்போது கேள்விகளும் ஒரே நேரத்தில் எழுகின்றன. விடை கூறவும் ஆள் கிடைக்கிறது. கால அட்டவணை என்பது இங்கு சமூகத்தை உருவாக்கும் கருவியாகவே செயற்படுகிறது.

இத்திட்டத்தின் மற்றொரு கூறு உள்ளூர்க் கிளைகள். பங்கேற்கும் கல்லூரியில் ஓர் ஆசிரியர் தொடர்பாளராக இருப்பார்; மாணவர்களைப் பதிவு செய்யத் தூண்டுவதும் நினைவூட்டுவதும் அவர் பணி. சான்றிதழுக்கான மதிப்பெண்ணில் 25 விழுக்காடு ஒப்படைகளுக்கும் 75 விழுக்காடு நேரடித் தேர்வுக்கும் உரியது.

சென்னைக் கழகத்தின் இணையப் பட்டப்படிப்பு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் நிரலாக்கமும் தரவு அறிவியலும் சார்ந்த இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. நுழைவதற்கு நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள புதுப்பட்டினம் போன்ற ஊரில் இருப்பவரும் விடுதியில் தங்காமல் இதைப் பயிலலாம். ஆனால் அவருக்கு வகுப்புத் தோழரும் தேநீர்க் கடைப் பேச்சும் இல்லை.

இக்குறையை ஈடுசெய்ய மாணவர்கள் இல்லங்களாகப் பிரிக்கப்பட்டனர். இல்லங்களுக்குக் காடுகளின் பெயர்கள் இடப்பட்டுள்ளன: நீலகிரி, பிச்சாவரம், வயநாடு, பந்திப்பூர், காசிரங்கா, சுந்தரவனம் முதலியன. இல்லங்களுக்கு மாணவப் பொறுப்பாளர்கள் உள்ளனர். பாரடாக்ஸ் என்னும் விழாவில் மாணவர்கள் சென்னை வளாகத்தில் நேரில் கூடுகின்றனர். பல்லாயிரம் பேர் கொண்ட ஒரே கூட்டத்தில் எவரும் எவரையும் அறியார். ஓர் இல்லத்துக்குள் பெயர்கள் அறிமுகமாகத் தொடங்குகின்றன. நேரடித் தேர்வு மையமும் எதிர்பாராத வகையில் உதவுகிறது. திரையில் மட்டும் கண்ட பெயருக்கு உரியவரை அங்குச் சந்திக்கலாம்.

நிலைநிறுத்துவதில் உள்ள இடர்கள்

தொடங்குவதைவிடத் தொடர்வது கடினம். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் உறுப்பினர்கள் அடுத்த பாடத்துக்குச் செல்வதால் சமூகத்தின் நினைவும் அவர்களோடு போய்விடுகிறது. முன்பே விடையளிக்கப்பட்ட ஐயங்கள் மீண்டும் எழுகின்றன. மேல்நிலை மாணவரைக் கீழ்நிலைப் பாடத்துக்கு வழிகாட்டியாக்குவது இதற்கு ஓரளவு தீர்வாகும். முதல் ஐயத்துக்கு விரைவில் விடை கிடைப்பதும் முக்கியம். பதில் கிடைக்காதவர் இரண்டாம் முறை கேட்பது அரிது.

பல்கலைக்கழக மானியக் குழு ஸ்வயம் தளப் பாடங்களுக்கு 2016இல் 20 விழுக்காடு வரையும், 2021இல் 40 விழுக்காடு வரையும் மதிப்பலகு ஏற்க இடமளித்தது. இதனால் பங்கேற்போர் பெருகக்கூடும்; உரையாடலின் தன்மையும் மாறக்கூடும். மதிப்பலகுக்காக மட்டும் சேர்ந்தவர் கேட்பது பாடத்தைப் பற்றியதாக இராமல், பெரும்பாலும் ஒப்படையின் இறுதி நாள் நீட்டிக்கப்படுமா என்பதாகவே இருக்கும். ஒப்படை விடைகளைப் பகிர்வது வேறொரு சிக்கல். உதவிக்கும் நகலெடுத்தலுக்கும் இடையிலான எல்லையை வழிகாட்டிகள் ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

பேசாமல் படிப்போரே எங்கும் மிகுதி. அவர்களை ஈடுபாடு அற்றவர் எனக் கொள்வது தவறு. பிறர் கேட்ட ஐயத்தின் விடையால் பயன்பெறுவோர் பலர். எனினும் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பெற்றவரின் மௌனத்துக்கு வேறு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் பிழையாக எழுதிவிடுவோம் என்னும் தயக்கமே அது. என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வழங்குகிறது. விரிவுரையைத் தமிழில் படித்தவர் தம் ஐயத்தையும் தமிழில் எழுதினால், அதற்குத் தமிழில் விடை தரும் வழிகாட்டியும் அப்பாடத்தில் இருக்க வேண்டும்.