நம்பர் மறந்த பூட்டு

சுத்தியல் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்!

அலிபாபாவின் அண்ணன் காசிம் குகைக்குள் சுலபமாக நுழைந்து விட்டான். தங்கத்தையும் வைரத்தையும் மூட்டை மூட்டையாகக் கட்டினான். வெளியே வரப் பார்த்தான். கதவைத் திறக்கும் சொல் மறந்து விட்டது! "சீசேம்" என்றால் எள். அது ஒரு தானியத்தின் பெயர் என்ற அளவுக்குத்தான் அவனுக்கு ஞாபகம் இருந்தது. பார்லி முதலாக வாயில் வந்த தானியங்களின் பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தான். கதவு அசையவில்லை. திருடர்கள் வந்தார்கள். காசிம் உயிரை இழந்தான்.

இது கதை. ஆனால் இதே சங்கடம் நிஜ வாழ்க்கையிலும் வருகிறது.

பெரியவர் ஒருவர் காலமாகி விடுகிறார். கட்டிலுக்கு அடியில் அவருடைய பழைய இரும்புப் பெட்டி. அதில் ஒரு நம்பர் பூட்டு. நம்பர் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெட்டிக்குள் நகை இருக்கலாம். வீட்டுப் பத்திரம் இருக்கலாம். கல்யாணப் படமும் நாலு கடிதங்களும் மட்டுமே இருக்கலாம். குடும்பம் பெட்டியைச் சுற்றி நிற்கிறது. "உடைத்து விடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். நம்பர் மனிதருக்குத்தான் மறந்தது. பூட்டுக்கு மறக்கவில்லை!

சாவி இல்லாத பூட்டு

நம்பர் பூட்டு நேற்று வந்ததல்ல. அல் ஜஸாரி என்ற யந்திர மேதை 1206-ம் ஆண்டில் எழுதிய நூலில், எழுத்துகளைப் பொருத்தித் திறக்கும் பெட்டிப் பூட்டைப் பற்றிச் சொல்லி இருக்கிறார். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தில், "ஆமென்" என்ற சொல்லுக்குத் திறக்கும் பூட்டு வருகிறது. பிரார்த்தனையின் கடைசிச் சொல்லையே பூட்டுக்கும் வைத்தார்கள்!

எழுத்துகள் போய், பிறகு எண்கள் வந்தன. அமெரிக்காவில் விற்பனையான ஒரு நம்பர் பூட்டின் பெயரே "செசமி". அலிபாபா கதையில் இருந்து எடுத்த பெயர்தான்.

உள்ளே இருப்பது என்ன?

நம்பர் பூட்டில் இரண்டு ரகங்கள் அதிகம்.

ஒன்று, வளையப் பூட்டு. சைக்கிள் சங்கிலியிலும் சூட்கேஸிலும் பார்த்திருப்பீர்கள். மூன்று அல்லது நான்கு வளையங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண்கள். வளையத்தின் உள்பக்கம் ஒரு சிறு வெட்டு உண்டு. நடுவே போகும் கம்பியில் பற்கள் உண்டு. எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால், பற்கள் தடையில்லாமல் வெளியே வரும். பூட்டு திறக்கும்.

மற்றொன்று, வட்ட முகப் பூட்டு. கடிகாரம் போல முகம். நடுவில் ஒரு குமிழ். உள்ளே மூன்று தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஒரு வெட்டு. குமிழை வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் என்று திருப்புவது, மூன்று வெட்டுகளையும் ஓரிடத்தில் கொண்டு வந்து நிறுத்தத்தான்.

அந்த வெட்டுகள் இருக்கும் இடம்தான் நம்பர். எழுதி வைத்த காகிதம் தொலைந்தாலும், உலோகத்தில் வெட்டிய அடையாளம் தொலையாது.

விரல் சொல்லும் ரகசியம்

வளையப் பூட்டில் முதல் வழி, பொறுமையாக எல்லா எண்களையும் பார்ப்பது. மூன்று வளையம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஓர் எண்ணுக்கு 5 விநாடி வைத்தாலும், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்து விடும். நான்கு வளையம் என்றால் பத்தாயிரம் எண்கள். சுமார் 14 மணி நேரம் ஆகும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரே வாரம்! விட்ட எண்ணைக் குறித்துக் கொள்ள மறக்கக் கூடாது.

இரண்டாவது வழி, விரலால் உணர்வது. எந்தப் பூட்டும் நூலிழை பிசகாமல் செய்யப்படுவதில்லை. பூட்டின் கம்பியை மெதுவாக இழுத்துப் பிடித்துக் கொண்டு வளையங்களைத் திருப்பினால், ஒரு வளையம் மட்டும் மற்றவற்றை விட இறுக்கமாக இருக்கும். அதை ஒவ்வொரு எண்ணாகத் திருப்ப வேண்டும். சரியான எண் வந்ததும் இறுக்கம் சற்றுத் தளரும். பிறகு அடுத்த இறுக்கமான வளையம். ஏமாற்றுவதற்காகவே பொய் வெட்டுகள் வைத்த பூட்டுகளும் உண்டு. அவற்றில் நேரம் அதிகம் பிடிக்கும்.

பழைய பூட்டு என்றால் முதலில் துருவைக் கவனிக்க வேண்டும். மெல்லிய எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, ஓர் இரவு அப்படியே வைப்பது நல்லது. துருப்பிடித்து இறுகிய பூட்டு, சரியான எண்ணுக்கும் திறக்காது. சுத்தியலால் தட்டினால் உள்ளே இருப்பது வளைந்து விடும். அப்புறம் நம்பர் தெரிந்தும் பயன் இல்லை.

64 ஆயிரம், 100 ஆகிறது!

வட்ட முகப் பூட்டுக்குப் பேர் போனது அமெரிக்காவின் "மாஸ்டர்" கம்பெனி. ஹாரி சோரப் என்பவர் 1921-ல் மில்வாக்கி நகரில் தொடங்கியது. அங்கே பள்ளிக்கூட மாணவர்களின் அலமாரிகளில் இந்த ரகப் பூட்டுதான் அதிகம் தொங்கும்.

அதன் முகத்தில் 0 முதல் 39 வரை 40 எண்கள். மூன்று எண்களைச் சேர்த்துத் திறக்க வேண்டும். 40-ஐ மூன்று முறை பெருக்கினால் 64,000 வரும். கேட்டாலே மலைப்பாக இருக்கிறது அல்லவா?

ஆனால் பழைய ரகங்கள் பலவற்றில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் எண்ணை 4-ஆல் வகுத்தால் என்ன மீதி வருமோ, மூன்றாவது எண்ணுக்கும் அதே மீதிதான் வரும். நடு எண்ணின் மீதி அதிலிருந்து 2 வித்தியாசப்படும். உதாரணமாக 14, 8, 22. பதினாலுக்கும் இருபத்திரண்டுக்கும் மீதி 2. எட்டுக்கு மீதி 0. இந்தக் கணக்குக்கு உட்பட்ட எண் வரிசைகள் 4,000 மட்டுமே.

இன்னும் குறைக்கலாம். பூட்டின் கம்பியை இழுத்தபடி குமிழைத் திருப்பினால், சில இடங்களில் அது சிக்கிச் சிக்கி நிற்கும். அந்த இடங்களை எழுதிக் கொண்டு பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாகத் தெரியும். அதுதான் மூன்றாவது எண். அது தெரிந்தால், பார்க்க வேண்டியவை 100 வரிசைகள்தான். அரை மணி நேர வேலை!

விஞ்ஞானியின் பொழுதுபோக்கு

பூட்டில் மட்டும் அல்ல, மனிதர்களின் பழக்கத்திலும் நம்பர் ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டு பிடித்துச் சொன்னவர் ரிச்சர்டு பெயின்மன். 1965-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி. இரண்டாவது உலக யுத்தத்தின் போது லாஸ் அலமோஸ் என்ற இடத்தில் அணுகுண்டு ஆராய்ச்சியில் இருந்தார். ரகசியக் காகிதங்கள் வைத்த நம்பர் பெட்டிகளைத் திறப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

பெட்டியின் எண்கள் 0 முதல் 99 வரை. ஆனால் சரியான எண்ணுக்கு இரண்டு முன்னே பின்னே போனாலும் பெட்டி திறந்தது. ஆகவே நூறுக்குப் பதில் இருபது எண்களைப் பார்த்தால் போதும். மேலும், பெட்டி திறந்திருக்கும் போது சும்மா திருப்புவது போலத் திருப்பி, கடைசி இரண்டு எண்களை அவர் தெரிந்து கொள்வார். மிச்சம் இருப்பது ஒரே எண்!

அங்கே ஒரு விஞ்ஞானியிடம் ஒன்பது பெட்டிகள் இருந்தன. கணக்கு விஞ்ஞானிகள் அடிக்கடி எழுதும் 2.71828 என்ற எண் பெயின்மனுக்கு ஞாபகம் வந்தது. 27, 18, 28 என்று திருப்பினார். முதல் பெட்டி திறந்தது. அடுத்து முயன்ற பெட்டிகளும் அதே எண்ணுக்குத் திறந்தன!

வேறு ஒன்றும் அவர் தெரிந்து கொண்டார். தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய எண்ணைப் பலர் மாற்றுவதே இல்லை. ஐந்தில் ஒரு பெட்டி அந்த எண்ணுக்கே திறந்தது. இன்றும் பல புதுச் சூட்கேஸ்கள் 000 என்ற எண்ணோடுதான் வருகின்றன.

பெரியவரின் பெட்டிக்கும் இது பொருந்தும். பிறந்த வருஷம், கல்யாண நாள், வீட்டு நம்பர், பட்டாள நம்பர் — இவற்றை முதலில் முயல வேண்டும். பழைய டைரியின் கடைசிப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

திருடனுக்கு உதவாதா?

இந்த வித்தை திருடனுக்கும் உதவுமே என்று தோன்றலாம். திருடனுக்கு ஏது அரை மணி நேரம்? அவன் கம்பியை வெட்டி விட்டுப் போவான். பொறுமையாக உட்கார்ந்து நம்பர் தேடுகிறவர், பூட்டும் கெடக் கூடாது, பெட்டியும் கெடக் கூடாது என்று நினைக்கும் சொந்தக்காரர்தான்.

ஆனாலும் பூட்டுக் கம்பெனிகள் ஜாக்கிரதையாக இருக்கின்றன. பூட்டின் முதுகில் உள்ள வரிசை எண்ணை எழுதி, சொந்தக்காரர் என்று அத்தாட்சி பெற்ற கையெழுத்தோடு அனுப்பினால்தான் "மாஸ்டர்" கம்பெனி நம்பரைச் சொல்லும். எதிலாவது மாட்டிப் பூட்டியிருக்கும் பூட்டுக்குச் சொல்லாது. கம்பெனியே மூடப்பட்டுப் போன பழைய பூட்டுகளுக்கு, விரலும் பொறுமையும்தான் துணை.

எழுதி வையுங்கள்

பூட்டு திறந்ததும் முதல் வேலை, நம்பரை எழுதி வைப்பது. பெட்டி இருக்கும் அறையில் வைக்காமல் வேறு இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நம்பரை ரகசியமாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். அதைத் தன்னோடு கொண்டு போய் விடுவது, பிள்ளைகளுக்கு வைக்கும் கஷ்டம்.