வானவழியும் கடிகாரமும்

விருதுநகரில் வாழும் அன்னை ஒருத்தியின் மகன் சிங்கப்பூரில் பணிபுரிகின்றான் எனக் கொள்வோம். தீபாவளிக்கு வந்த அவன் திரும்பும் நாளன்று, அவள் பயணச்சீட்டைப் பார்க்கின்றாள். மதுரையில் இரவு 11 மணிக்குப் புறப்பாடு. சிங்கப்பூரில் காலை 5.30 மணிக்கு வருகை. ஆறரை மணி நேரம் கடலின்மேல் பறக்க வேண்டுமோ என்று அவள் உள்ளம் பதைக்கின்றது. அவன் மீண்டும் வரும்போதோ, சிங்கப்பூரில் காலை 6 மணிக்குப் புறப்பட்டு மதுரையில் 7.30 மணிக்கு இறங்குவதாகச் சீட்டுக் கூறுகின்றது. போவதற்கு ஆறரை மணி. வருவதற்கு ஒன்றரை மணி! இவற்றுள் எது உண்மை?

இரண்டும் உண்மையல்ல. முதலில் தொலைவை அளந்து பார்ப்போம்.

மதுரை விமான நிலையம் வட அட்சம் 9.8 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 78 பாகையிலும் உள்ளது. சிங்கப்பூர்ச் சாங்கி நிலையமோ வட அட்சம் 1.4 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 104 பாகையிலும் உள்ளது. ஆகவே, தெற்கு நோக்கி 8.4 பாகையும் கிழக்கு நோக்கி 26 பாகையும் செல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் 27 பாகைக்குச் சற்று மிகும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனை 360 பாகைக்குப் பங்கிட, பாகைக்கு 111 கிலோமீட்டர் ஆகும். எனவே நாம் தேடிய தொலைவு சுமார் 3,000 கிலோமீட்டர்.

இவ்வெளிய கணக்கு பூமத்தியரேகைக்கு அண்மையில்தான் பொருந்தும். இலண்டனுக்கு இதனைக் கையாண்டால் பெரும்பிழை நேரும். வடக்கே செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன அல்லவா? சிவகாசியில் அச்சிட்ட தேசப்படம் எத்துணை அழகியதாயினும் அது தட்டைத் தாளே. தொலைதூர வழிக்குப் பூகோள உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்து அளப்பதே நன்று. நூல் காட்டும் அவ்வளைந்த வழியே மிகக் குறுகிய வழியாகும்.

இனிக் காலம். உயரே சென்றபின் பெரிய விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் விரைகின்றது. 3,000 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி ஆகும். ஏறுதற்கும் இறங்குதற்கும் அரைமணி கூட்டினால் நான்கு மணி. எதிர்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் மேலும் கால்மணி வரை செல்லும்.

அங்ஙனமாயின் சீட்டு பொய் கூறுகின்றதா? இல்லை. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அவ்வவ்வூர்க் கடிகாரப்படி அச்சிடப்படுகின்றன. கிரீன்விச் நேரத்தினும் இந்திய நேரம் ஐந்தரை மணியும், சிங்கப்பூர் நேரம் எட்டு மணியும் முந்தியவை. வேறுபாடு இரண்டரை மணி. போகும்போது கடிகாரம் காட்டும் ஆறரையில் இதனைக் கழிக்க வேண்டும். வரும்போது ஒன்றரையோடு கூட்ட வேண்டும். இரு வழியும் நான்கு மணியே.

இதனை அறியாத உறவினர், மகன் காலை 6 மணிக்குப் புறப்பட்டான் என்று கேட்டு, நான்கு மணியைக் கூட்டி, 10 மணிக்கு மதுரைக்கு வண்டி கொண்டு செல்வர். அவனோ 7.30 மணி முதல் பெட்டியோடு வாயிலில் நின்றுகொண்டிருப்பான்.