உடைத்துப் பொருத்தும் பலகை: வீட்டுப் பயிற்சியில் கை முறிந்தால் செய்ய வேண்டியவை

கராத்தே, டேக்வாண்டோ பயிலும் பிள்ளைகளுக்காக இணையத்தில் விற்கப்படும் மறுபயன்பாட்டுப் பலகை இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளால் ஆனது. ஒரு துண்டின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். இணைப்புக் கோட்டின் மேல் வேகமாக அடி விழுந்தால் பூட்டு விடும். துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் அடிக்கலாம். பெல்ட் டெஸ்ட்டுக்கு முன் கூரை ஓடுகளையும் மரப்பலகைகளையும் வாங்கிக் குவிப்பதைவிட இது சிக்கனம் என்பதால் வீடுகளுக்குள் வந்துவிட்டது. வகுப்பில் மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது செய்ததை, விவரம் தெரிந்த எவரும் இல்லாத மொட்டைமாடியில் பிள்ளைகள் செய்கிறார்கள்.

அடிபட்ட பிறகு வீடுகளில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வீங்கிய கையை எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்று பலகையைக் கூரியர்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தவறு கையைக் கெடுக்கிறது, இரண்டாவது நியாயம் கேட்கும் வழியை அடைக்கிறது.

பலகை உடைந்தால் கை அதைக் கடந்து போய்விடும். உடையாவிட்டால் அடியின் வேகம் முழுவதையும் கை எலும்பு தாங்க வேண்டும். பலகை உடையாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. நடுக்கோட்டை விட்டு விலகி அடி விழலாம். அடியின் கடைசிக் கணத்தில் பிள்ளை தயங்கிக் கையை இழுக்கலாம். பள்ளத்தில் மணலோ தூசியோ புகுந்து பூட்டு இறுகியிருக்கலாம். பிடித்திருப்பவரின் கை தளர்ந்து பலகை பின்னால் நகரலாம். ஒரு கையில் பலகை, மறு கையில் படமெடுக்கும் செல்போன் என்று நிற்கும் பெற்றோரால் பலகையை அசையாமல் பிடிக்க முடியாது. பலகையை இரு கைகளாலும், முழங்கையை மடக்காமல், விரல்களை அடி விழும் முகப்பிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பெரிய பிள்ளைகள் அடிக்கும்போது இரண்டு பெரியவர்கள் பிடிப்பது நல்லது.

நிறத்தை நம்பி ஏமாறுவது இன்னொன்று. பலகையின் கடினத்தை நிறத்தால் குறிக்கிறார்கள், ஆனால் அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிள்ளை பச்சை பெல்ட் என்பதற்காகப் பச்சைப் பலகை வாங்குவது ஆபத்து. பெல்ட்டின் நிறத்துக்கும் பலகையின் நிறத்துக்கும் தொடர்பில்லை. அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து, மிக எளிதான பலகையிலிருந்து தொடங்க வேண்டும்.

வளரும் வயதில் எலும்பின் முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும்தான் கையில் அது மூடுகிறது. அதற்கு முன் அங்கே பலமாக அடிபட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளர நேரலாம். இந்த வயதுப் பிள்ளைகளை முட்டியால் கடினமான பலகையைக் குத்தச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

குத்தும்போது பெரும்பாலும் முறிவது சுண்டுவிரலின் நேர்கீழே உள்ள புறங்கை எலும்பு. விரல்களை மடக்கும்போது சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறினாலோ, அதன் முட்டி உள்ளே அமுங்கியிருந்தாலோ அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டை ஒட்டியுள்ள குழியில் அழுத்தினால் வலி இருப்பது அதைவிடக் கவலைக்குரியது. அங்கிருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி நீடித்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகக்கூடும். எக்ஸ்ரே எடுக்கும் வரை நீவக் கூடாது. மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டவும் கூடாது. ஏற்கெனவே அப்படிக் கட்டியிருந்து விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மாஸ்டரின் பெயர் கெடும், வீட்டில் திட்டு விழும் என்று ‘கீழே விழுந்தான்’ எனச் சொல்லிவிட்டால் விபத்துப் பதிவேட்டிலும் அதுவே ஏறிவிடும். பிறகு அதை மாற்றுவது கடினம். எக்ஸ்ரே ஃபிலிம், மருந்துச் சீட்டு, பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. ‘ரெக்கார்டு ரூம் பூட்டியிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பாமல், எழுத்தில் கோரிக்கை கொடுத்துத் தேதியிட்ட ஒப்புதல் வாங்க வேண்டும்.

பலகையைத் திருப்பித் தரக் கூடாது. பூட்டைச் சுத்தம் செய்யவோ மறுபடி பொருத்திப் பார்க்கவோ கூடாது. விபத்தின்போது இருந்த நிலையிலேயே பெட்டியோடு உறையிலிட்டு வைக்க வேண்டும். பொருளில் குறை உண்டா என்பது சோதனையால்தான் தெரியும் என்றால், நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். பலகை இல்லையென்றால் அனுப்புவதற்கு எதுவும் இல்லை. விற்பனைப் பக்கத்தில் ‘குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது’ போன்ற வாசகம், வயது வரம்பு, விற்பவர் பெயர் ஆகியவை இருந்தால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் பிறகு மாறிவிடலாம்.

பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற விவரம், அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். இவை இல்லாத பெட்டியைப் பற்றித் தமிழ்நாட்டில் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். அந்த விதிகளுக்கு அடிப்படையான எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறைதான். ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று அங்கே சொன்னால் மனுவை நேரில் நீட்டிக்கொண்டிருக்காமல் அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பனைத் தளத்தின் வாடிக்கையாளர் சேவையோடு அரட்டை அடித்து மாதங்களைக் கழிப்பதில் பயனில்லை. மின்வணிக விதிகள் 2020இன்படி ஒவ்வொரு தளத்துக்கும் பெயர் அறிவிக்கப்பட்ட குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் முகவரியையும் தளம் தந்தாக வேண்டும். அந்த முகவரி இல்லாமல் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்ப முடியாது என்பதால் முதல் மின்னஞ்சலிலேயே அதைக் கேட்டுவிட வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது நிறுவனத்தோடு பேசிப் பார்க்கும், தீர்ப்பு சொல்லாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டுக் கெடு உண்டு. 1915இல் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.

குறையுள்ள பொருளால் உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்வது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் ஆறாம் அத்தியாயம். எச்சரிக்கையோ முறையான பயன்பாட்டுக் குறிப்போ தராததும் இதில் அடங்கும். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது பிரிவு 86. பெயரில்லாத பெட்டியில் வந்த பலகைக்கு இதுவே பிடிமானம். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது பிரிவு 87ஐ. அதன்படி, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவருக்குப் பொறுப்பில்லை. இரண்டு பலகைகளை அடுக்கி அடித்தது, பூட்டில் டேப் ஒட்டியது போன்றவை வீடியோவில் பதிவாகியிருந்தால் வழக்கு பலவீனமாகும்.

மனுவைத் தாக்கல் செய்ய வேண்டிய இடம் சொந்த மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மைனர் பிள்ளைக்காகப் பெற்றோர் மனு செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கட்டணம் கணக்கிடப்படுவதில்லை. மனுவோடு பிரமாண வாக்குமூலம், இன்வாய்ஸ், பெட்டியின் படங்கள், விற்பனைப் பக்கத்தின் படம், மருத்துவப் பதிவுகள், அனுப்பிய நோட்டீஸ், அஞ்சல் ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். மனுவை ஏற்பதா என்பதை 21 நாட்களுக்குள் முடிவு செய்யாவிட்டால் ஏற்றதாகவே பொருள்.

வகுப்பில் மாஸ்டர் சொல்லி அடித்துக் கை முறிந்திருந்தால் அது சேவைக் குறைபாட்டுப் புகார். இதற்குக் கட்டண ரசீது வேண்டும். மாதக் கட்டணத்தை ரொக்கமாகக் கொடுத்து ரசீது கேட்காமல் வருவது பெரிய கவனக்குறைவு. ‘காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டிப் பெற்றோரை அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாள் இருப்பதாலேயே புகார் செய்யும் உரிமை போய்விடாது. அழும் பிள்ளையை உடையும்வரை அடிக்கச் சொல்லித் துன்புறுத்தினால் 1098க்குத் தெரிவிக்க வேண்டும்.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். சாதகமாக உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் தீர்ப்பு சொன்ன ஆணையத்திலேயே நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72இன் கீழ் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.