ஒரு கட்டளையின் பல வடிவங்கள்

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், அறுபதுகளின் நடுப்பகுதியில், ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இரு அறிஞர்கள், வெளியுலகில் நடைபெறும் காரியங்களைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்ப்பதற்கென்று 'சிமுலா' என்ற மொழியை உருவாக்கி வந்தபோது, அவர்கள் எடுத்து ஆராய்ந்த உதாரணங்களுள் ஒன்று, பாலத்துச் சுங்கச் சாவடியில் வரிசையாகக் காத்து நிற்கும் லாரிகளும் பஸ்களும். வரிசையில் நிற்பதைப் பொறுத்தவரை இரண்டும் வாகனங்களே. விசேஷ குணங்களிலோ வெவ்வேறானவை. இந்த ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒருசேரச் சொல்லும் வழியாக, பொது இனக்குழுவும் (இனக்குழு என்பது ஒரு வகைப் பொருள்களின் வரையறை) அதனின்று கிளைக்கும் இனக்குழுக்களும் சிமுலா 67-இல் இடம் பெற்றன. பல்லுருவாக்கம் என்று இன்று நம் மாணவர்கள் படிப்பது இந்த ஏற்பாட்டின் பயனே.

அந்தச் சாவடிக்கு நாமே ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். லாரிக்குச் சுமையைப் பொறுத்தும் பஸ்ஸுக்கு இருக்கைகளைப் பொறுத்தும் கட்டணம். "இது லாரியா, ஆம் எனில் இப்படிக் கணக்கிடு, பஸ்ஸா, ஆம் எனில் அப்படி" என்று வினாக்களை அடுக்கி எழுதிவிடலாம், ஆனால் கட்டணம், ரசீது, மாதக் கணக்கு என்று ஒவ்வோரிடத்திலும் அதே அடுக்கு திரும்பத் திரும்ப வருமாதலால், நாளை கட்டணமில்லாத ஆம்புலன்ஸ் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், எல்லா இடங்களையும் தேடித் திருத்த வேண்டும், ஒன்று விடுபட்டாலும் கணக்குப் பிழைக்கும்.

இதற்கு மாறாக, 'வாகனம்' என்னும் பொது இனக்குழு, "கட்டணம் சொல்" என்ற கட்டளைக்குத் தன் வழிவந்தவை யாவும் விடை தரும் என்று வாக்களித்துவிட, லாரியும் பஸ்ஸும் அவ்விடையைத் தத்தம் முறைப்படி எழுதி வைத்துக்கொண்டால், சாவடியின் நிரல் எதிரில் நிற்பது இன்னதென்று ஆராயாமல் கட்டளையை மட்டும் இட்டால் போதும். சென்ற ஆண்டு எழுதி முடித்த நிரல், இன்று எழுதப்பட்ட ஆம்புலன்ஸை, ஒரு வரியும் மாறாமல், சரியாக நடத்துகிறதே, அதுதான் இக்கருத்தின் மகத்துவம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரே பெயரில் பல செயற்கூறுகளை எழுதும் பணிமிகுப்பையும் பாடநூல்கள் பல்லுருவாக்கத்தில் சேர்ப்பதுண்டு. சௌகரியமானதுதான், எனினும் அங்கே எந்தச் செயற்கூறு என்ற தேர்வு, நிரலை மொழிபெயர்க்கும்போதே முடிந்துவிடுகிறது.

நம் வாகன உதாரணத்திலோ அந்தத் தேர்வு, நிரல் ஓடும்போது நிகழ்கிறது. கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திப் பழகிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் ஆக்கிய சி++ மொழியில், வழக்கமாக, இத்தகைய இனக்குழு ஒவ்வொன்றுக்கும் செயற்கூறுகளின் முகவரிகள் அடங்கிய அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளும் தன் அட்டவணையின் இருப்பிடத்தைத் தன்னுடன் சுமந்து வருகிறது. கட்டளை பிறந்ததும் அந்த அட்டவணையைப் பார்த்து உரிய செயற்கூறு அழைக்கப்படுகிறது.

இவ்வளவும் பயன்பட வேண்டுமானால், கிளை இனக்குழு பொது இனக்குழுவின் வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதை 1987-இல் பார்பரா லிஸ்கோவ் தெளிவுபடுத்தினார். ஆம்புலன்ஸ் பூஜ்யம் என்று விடை சொல்வதில் குற்றமில்லை. ஆனால் விடையே சொல்லாமல் பிழையை எழுப்பி ஓட்டத்தை நிறுத்துமானால், சாவடியின் நிரல் ஒவ்வொரு வாகனத்தையும் மறுபடி இன்னதென்று விசாரித்த பின்னரே கட்டளையிட முடியும்.